சின்ன மாப்பிள்ளையின் கண்ட்ரோல் ஆர்ம்

அன்பு மகள் பெரியவளுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நீயும் பெரிய மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு பேனாவை எடுத்தேன். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், சின்னவளும் சௌக்கியம், ஒரு மணிக்கட்டைத் தவிர. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து நியாயம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அத்தனை வருஷம் கணக்கு நடத்தியும் எனக்கு வகுப்பில் கிடைக்காத சுகம் இது. அப்பாவுக்கு இருமல் விட்டது. புதுக் கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு பழையதைத் தேடுகிறார். உன் மகனுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்று எழுதியிருந்தாய். திட்டாதே, ஒரு ரொட்டியை வெட்டி வைத்துக் கேள், சரியாகச் சொன்ன துண்டை அவனே தின்னட்டும், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இனி சின்ன மாப்பிள்ளையின் கார். அது பந்தயத்தில் ஓட வேண்டிய வண்டி என்று அவர் சொல்லாத நாள் இல்லை. ஓடுவதென்னவோ வீட்டிலிருந்து ஆபீசுக்கு, அதுவும் பள்ளிக்கூடப் பேருந்துக்குப் பின்னால். முன் சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஓர் இரும்புக் கை உண்டு, கண்ட்ரோல் ஆர்ம் என்பார்கள். கம்பெனி போட்டுக் கொடுப்பது நீளம் மாறாத ஒன்று. அது இவருடைய தகுதிக்குப் போதவில்லை. திருகித் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சக்கரத்தை வேண்டிய அளவு சாய்க்கலாம், அப்போது வளைவில் வண்டி தரையைக் கவ்விக்கொள்ளும் என்று சொல்லி, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ஆர்ம் ஒரு ஜோடி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். வந்த அன்று அவை சாப்பாட்டு மேஜையில் படுத்துக்கொண்டன, சின்னவள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டு, "தூக்கிப் பாருங்க அத்தை, இவ்ளோ லேசு, ஆனா யானையையே தாங்கும்" என்றார். தாராளமாக யானையை ஏற்றிக்கொண்டு போங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மாட்டுவதற்கு டர்போ என்று ஒரு சினேகிதர் வந்தார். ஊரிலுள்ள எல்லாக் கார்களைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருப்பவர், சொந்தமாக வைத்திருப்பது ஒரு சைக்கிள், அதற்கும் செயின் இல்லை. இரண்டு மேதைகளும் வண்டிக்கடியில் படுத்து, எழுந்து, சக்கரத்தைப் பார்த்துத் தலையாட்டி, தேநீர் கேட்டு, மறுபடி படுத்து ஒருவழியாக மாட்டி முடித்தார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனி. நீளத்தைச் சரிபார்த்தபின், இனி அசையாதே என்று ஒரு நட்டை அழுத்தி முடுக்கிப் பூட்ட வேண்டும். கரும்பலகையில் வட்டம் போட நான் கொண்டுபோகும் மரக் கவராயத்தை நினைத்துக்கொள். கால்களை எவ்வளவு வேண்டுமானாலும் விரிக்கலாம், விரித்தபின் திருகை முடுக்காவிட்டால் வட்டம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது, நத்தை முதுகு மாதிரி சுருண்டுவிடும், கடைசி பெஞ்சு சிரிக்கும். மாப்பிள்ளை முடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல, மறதியென்றால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பார்க்க ஆசை, அதற்காக மறுபடி ஸ்பானரோடு மல்லுக்கட்டுவானேன் என்று கையால் திருகியதோடு விட்டுவிட்டார். வண்டி டொக்டொக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. சின்னவள் சொல்லியிருக்கிறாள். "ரேஸ் வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும், உன் காதுதான் இன்னும் பழகல, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று பதில். வளைவில் ஒரு பக்கமாக இழுக்கிறதே என்று அவள் மறுபடி சொன்னதற்குப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தாராம். ஆக, அட்ஜஸ்ட் செய்வதற்கென்றே விலைகொடுத்து வாங்கிய சாமானைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யவில்லை, அதற்குப் பதிலாக என் மகள் காதை அட்ஜஸ்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் அவர் சொல்லித் தெரியும், அதனால் சரியாகத் தெரியாது. காலையில் இவளை வேலைக்குக் கொண்டுவிடப் போகும்போது பெட்ரோல் பங்க் திருப்பத்தில் அந்த ஆர்ம் மரையோடு கழன்று, சக்கரம் மடங்கி, வண்டி நடுச்சுவரில் ஏறி நின்றது. முன்னால் பேருந்து மறித்துக்கொண்டு போனதால் வேகம் இல்லை, அந்த டிரைவர் நன்றாக இருக்கட்டும். முன்பக்கம் மோதாமலிருக்க இவள் கையை ஊன்றினாள், மணிக்கட்டு போயிற்று. நம் வீரர் குதித்து இறங்கி நேரே சக்கரத்திடம் ஓடி மண்டிபோட்டு, "ஐயோ ரிம்மு போச்சே" என்றார். கதவைத் திறந்து இவளை இறக்கியவர் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரர். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எங்களுக்கு எக்ஸ்ரேயைக் காட்டிக்கொண்டிருந்தபோது, இவரும் டர்போவும் வராந்தாவில் நின்று, கழன்ற ஆர்மின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் போனதும், "பார்ட்டு மேல தப்பே இல்ல அத்தை" என்றார், நான் என்னவோ பார்ட்டைக் குறை சொல்ல வந்தவள் மாதிரி. பாடம் புரியாத பிள்ளைக்கு நூறு தடவை சொல்லலாம். தனக்குப் பாடமே வேண்டாம் என்று நிற்கிறவருக்கு என்ன சொல்வது? அங்கிருந்து சின்னவள் எங்களோடு வந்துவிட்டாள்.

இதைக் கேட்டுத்தான் நீ, "இதுக்கெல்லாமா ஒருத்தி பொறந்த வீட்டுக்கு வருவா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லும்மா" என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். கோபமில்லை, கண்ணு, நீ தூரத்தில் இருக்கிறாய். ஆனால் ஒன்று யோசி. அந்த ஆர்மைச் செய்தவன்கூட, திருகியது போதும், இதற்குமேல் நகரமாட்டேன் என்று நிற்பதற்கு ஒரு நட்டை வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். இரும்புக்கே அந்த நியாயம் இருக்கும்போது உன் தங்கைக்கு இருக்கக்கூடாதா?

நேற்று சாயங்காலம் அவர் போன் செய்தார். சின்னவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள், நாங்களும் கேட்டோம். புது ஆர்ம் போட்டாயிற்றாம், நட்டை டர்போவே ஏறி மிதித்து முடுக்கினாராம், இடது சக்கரம் இத்தனை பாகை சாய்வு, வலது சக்கரம் இத்தனை பாகை என்று புள்ளி பிசகாமல் ஒப்பித்தார். "இப்ப வண்டி சும்மா வெண்ணெய் மாதிரி போகுது, நாளைக்கு வரேன், ரெடியா இரு" என்றார். இவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு எந்தக் கைங்க ஒடிஞ்சுது?" என்று கேட்டாள். "வலதுதானே?" என்றார். இவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வலது கையாலேயே போனை அணைத்தாள். அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். இன்று காலை அவளுடைய துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கச் சொன்னாள், அடுக்கிக்கொடுத்தேன். இன்று அவர் வந்தால் தேநீர் கொடுப்பேன், அவளை அனுப்பமாட்டேன்.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், எல்லாரும் நீண்டகாலம் உடம்பு வலியில்லாமல் இருங்கள். பனியில் காதைக் கட்டிக்கொண்டு போ. ஒன்றை மறக்காதே: அடுத்தபடியாக, "அக்கா, நீங்க சொன்னா கேப்பா" என்று அவர் உன்னிடம்தான் வருவார். வந்தால் நீயும் அந்தக் கேள்வியையே கேள். அதற்குள் டர்போவிடம் விசாரித்து வைத்திருப்பார், அவருக்கும் தெரியாது.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா