தூக்கிப் பார்த்துவிட்டு வைத்த பவர் சப்ளை

யூலை 8, செவ்வாய்

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று. யன்னல் பூட்டியும் மேசை முழுக்க மணல். கொம்பியூட்டர் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. விசிறி சுற்றவில்லை, வெளிச்சமும் இல்லை. நேற்று 'டப்' என்று கேட்டது இதுதான் போல. பெட்டியின் பின்பக்கம் மூக்கை வைத்துப் பார்த்தேன். கருகின மணம்.

பவர் சப்ளைதான். பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டுப் போயிருக்கிறது, குறை சொல்ல முடியாது.

உள்ளே இருப்பது: தேவாலயத் திருவிழாவின் ஒன்பது நாள் செபங்களுக்கான நவநாள் புத்தகம், முக்கால்வாசி. பங்குச் சுவாமி சனிக்கிழமை கேட்டிருக்கிறார். பதினொரு வருடமாக அது என் கையால்தான் வருகிறது. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "கணினி அமைப்பு: திருமதி பிலோமினா அன்ரன்". மற்றவர்கள் முன்பக்கத்தில் இருந்து வாசிப்பார்கள். நான் பின்பக்கத்தில் இருந்து.

மத்தியானம் ரீட்டா வந்தாள். என் கணவருடைய தங்கை. கொழும்பில் வேலையை விட்டு வந்து மூன்று மாதம். அதற்குள் பாடகர் குழு அவளிடம், மறைக்கல்வி வகுப்பு அவளிடம், இவருடைய காதும் அவளிடம்.

"ஏன் மச்சாள் கவலைப்படுறீங்கள்? என்ர லப்டொப்பில ஒரு நாளில அடிச்சுத் தாறன்."

"வேண்டாம். நான் பாக்கிறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

யூலை 9, புதன்

காற்று அப்படியே. கோயிலடியில் சுவாமியைக் கண்டேன். "சரிவராட்டி ரீட்டாட்டக் குடுங்கோ. பிள்ளை கெட்டிக்காரி." பிள்ளையாம். முப்பத்தாறு வயது.

எங்கள் வங்காலையில் இந்தச் சாமான் கிடைக்காது, நாளை முருங்கன் கடைக்குப் போக வேண்டும். பார்க்க வேண்டியவை:
– இருபத்துநாலு முள் பெரிய சொருகி
– புரொசசருக்குப் போகும் நாலு முள் சொருகி
– ஹார்ட் டிஸ்க் வயர்
– பெட்டிக்குள் அடங்கும் அளவா
– கொச்சிக்காய்த்தூள், மல்லி

சாப்பிடும்போது இவர்: "ரீட்டாட்டக் கேட்டனான். உன்ர பெட்டிக்கு முன்னூறு வாற்ஸ் காணுமாம். கந்தோர் கொம்பியூட்டரில கழட்டின பழசு கிடைச்சா அதை எடுக்கட்டாம். புதுசில மலிவானது வேண்டாமாம்."

யார் கேட்கச் சொன்னது? கொம்பியூட்டர் என்னுடையது. பிறகு கறிக்கு உப்பில்லை என்றார். அதையும் ரீட்டாவிடம் கேட்கச் சொன்னேன்.

யூலை 10, வியாழன்

வழியில் நானாட்டானில் பஸ் அரைமணி நேரம் நின்றது. முருங்கனில் நல்ல வெயில். கடையில் இரண்டு பவர் சப்ளை இருந்தன. ஒன்று புதிது, மினுங்கும் பெட்டி, அறுநூறு வாற்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. மற்றது அலுவலகக் கொம்பியூட்டரில் கழற்றியது, முன்னூறு, ஒரே தூசு. விலை ஏறக்குறைய ஒன்றுதான். சொருகிகள் இரண்டிலும் சரி.

கடைக்காரர்: "எழுதியிருக்கிறதைப் பாக்காதேங்கோ அக்கா. ரெண்டையும் தூக்கிப் பாருங்கோ. உள்ளுக்குச் சாமான் இருந்தாத்தான் பாரம் இருக்கும்."

எனக்கா சொல்ல வேண்டும்? அப்பா மீன் வாடி வைத்திருந்தவர். தராசில் போட முதலே கையால் எடை சொல்லுகிற வீடு எங்களுடையது. தூக்கினேன். பழையது கையைக் கீழே இழுத்தது. புதியது கருவாடு மாதிரி. எது நல்லதென்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

பழையதைக் கையில் வைத்தபடி யோசித்தேன். இதைக் கொண்டுபோனால் இவர் என்ன சொல்வார்? "பாத்தியே, ரீட்டா சொன்னதுதான் சரி." அடுத்த திருவிழா வரைக்கும் சொல்லுவார்.

வைத்துவிட்டேன். புதியதை வாங்கினேன். கொச்சிக்காய்த்தூள் மறந்துபோனது.

வீட்டில் இவரிடம்: "பழசு ஒண்டும் இல்லையாம்." பச்சைப் பொய்.

பெட்டிக்குள் பொருத்தினேன், வேலை செய்தது. நாலு பக்கம் அடித்தேன். ரீட்டா எட்டிப் பார்த்து "நல்லது மச்சாள்" என்றாள். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

யூலை 11, வெள்ளி

காலை பத்து மணி. மன்றாட்டுப் பகுதியை அடித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது. மறுபடி போட்டேன், இரண்டு நிமிடம் ஓடியது. மூன்றாம் தடவை சூடான பிளாஸ்ரிக் மணம். பிறகு ஒன்றுமேயில்லை. ஹார்ட் டிஸ்க்கும் போயிருந்தால்? பதினொரு வருடப் புத்தகமும் அதற்குள்தான்.

இவர் உடனே தங்கைக்குப் போன் எடுத்தார்.

குசினிக்குள் போய் அழுதேன். புத்தகத்தை நினைத்தா, அவளை நினைத்தா, தெரியவில்லை.

யூலை 12, சனி

ரீட்டா விடிய முதல் பஸ்ஸில் முருங்கன் போனாளாம். ஒன்பதரைக்கு வந்து பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அதே முன்னூறு, அதே தூசு.

அவளே திருகாணி கழற்றினாள், வயர்களைச் சொருகினாள். நான் டோர்ச் பிடித்தேன். குனிந்தபடியே மெல்லச் சொன்னாள்: "வங்காலை அக்கா ஒராள் வியாழக்கிழமை இதைத் தூக்கிப் பாத்திட்டு வைச்சிட்டுப் போனவவாம். கடைக்காரர் சொன்னவர்."

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. புத்தகம் அப்படியே இருந்தது, ஒரு எழுத்தும் போகவில்லை.

இவர் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார். "அப்ப முருங்கனில பழசு இருந்திருக்கு. நீ இல்லை எண்டெல்லோ சொன்னனீ?"

நான் டோர்ச்சை அணைத்தேன்.

ரீட்டா நிமிரவேயில்லை. "நேற்றுப் பின்னேரம்தான் கடைக்கு வந்ததாம் அண்ணா. மச்சாள் போகேக்க இருக்கேல்லை."

இவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு சந்தேகமும் இல்லை அவருக்கு.

ஐந்து மணிக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும். இன்னும் ஆறு பக்கம். விரல் ஓடவில்லை.

பொய்கூட என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.