அறுபத்து நான்காம் ஏடு

நெல்லித்தோப்பு, 12 ஜூன் 2024

அன்புள்ள சுடர்,

சௌக்கியமா? பாரீஸில் குளிர் விட்டதா? இங்கே வெயிலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. போனில் கேட்டால் சண்டையாகும், அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

நீ போன வருஷம் படித்துத் தட்டச்சு செய்த வைத்தியச் சுவடியை, இப்போது நான் ஏட்டுப் படங்களோடு வரிக்கு வரி பொருத்துகிறேன். படத்தில் இருப்பது அறுபத்து மூன்று ஏடு. உன் பிரதியில் அறுபத்து நான்கு! நூலை எழுதியவர் ஒரு பெண் என்று சொல்லும் எட்டு வரியும் அந்தக் கடைசி ஏட்டில்தான். உன் கட்டுரையே அதை நம்பித்தான் இருக்கிறது. அவற்றை எங்கே பார்த்தாய்? என்னிடம் மட்டும் சொல்.

உன் கனீஸ்


பாரீஸ், 15 ஜூன்

அன்பு கனீஸ்,

ஏட்டில்தான் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பார்கள்? படமெடுக்கும் முன்பே, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் படித்தவள் நான். சுவடிக் கட்டை அவிழ்த்து எண்ணிப் பார். இந்த பாரீஸ் வேலைக்கு நீயும் விண்ணப்பித்தவள் என்பது ஏனோ இன்று நினைவுக்கு வருகிறது.

சுடர்


நெல்லித்தோப்பு, 18 ஜூன்

சுடர்,

நீ சொன்னது வலித்தது. இரண்டு முறை எண்ணினேன். அறுபத்து மூன்றுதான். "நீ எண்ணி எண்ணியே ஏடு உடைஞ்சிடப் போவுது" என்று சுவடி அறை ராஜாம்பாள் அக்கா கோபித்துக்கொண்டார். ஏதோ ஆர்வத்தில் நீயே சேர்த்திருந்தால் இப்போதே ஒத்துக்கொள். தோழியாகக் கேட்கிறேன்.

கனீஸ்


நெல்லித்தோப்பு, 2 ஜூலை

என் சுடர்,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இன்று ராஜாம்பாள் அக்கா கட்டின் மரப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கனீஸ், இங்க வந்து பாரேன், பலகையில எழுத்து இருக்குது" என்றார். நீ படித்த பிறகு, படமெடுப்பதற்காக ஏட்டுக்குப் பூசிய எண்ணெயில் கடைசி ஏடு பலகையோடு ஒட்டியிருக்கிறது. அதனால்தான் படத்திலும் வரவில்லை, என் எண்ணிக்கையிலும் வரவில்லை. எட்டு வரியும் நீ எழுதிய அதே எழுத்துகள். ஓர் ஒற்றுகூடப் பிசகவில்லை. நம் இயக்குநர் ஹரிகிருஷ்ணன் சாரிடம் உடனே சொல்லிவிட்டேன். அல்லாஹ் அறிய, வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

உன் கனீஸ்


பாரீஸ், 5 ஜூலை

கனீஸ்,

ஏடு கிடைத்ததில் சந்தோஷம். கட்டுரையைப் போன வாரமே திரும்பப் பெற வைத்துவிட்டார்கள். என் வேலை நீட்டிப்பும் நின்றுபோனது. எதனால் என்று கேட்டதற்கு, ஹரிகிருஷ்ணன் சாருக்கு நீ எழுதிய புகாரை அனுப்பினார்கள். அதில் தேதி ஜூன் 10. 'என்னிடம் மட்டும் சொல்' என்று நீ எனக்கு எழுதியது 12.

சந்தேகப்பட்டதை மன்னித்துவிடுவேன். அந்த இரண்டு நாளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ராஜாம்பாள் அக்காவுக்கு நானே எழுதி நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சுடர்விழி