கரண்ட் இல்லாத ஊரில் ஒரு வெல்டிங்

செவ்வாய், ஆவணி 1992

இதை எழுத விளக்கெரித்து மண்ணெண்ணெயை வீணாக்குகிறேன். அம்மா மன்னிக்கட்டும்.

அண்ணை பழைய மொறிஸ் மைனர் காரை வெட்டி, இரண்டு பேர் மட்டும் இருக்கிற ரேஸ் காராக்குகிறார். முன்சில்லுகளின் சஸ்பென்ஷனைத் தாங்கும் பிராக்கெட்டுகளைப் போன கிழமைவரை இரும்பறுக்கும் வாளால் அறுத்து, போல்ட் போட்டுத்தான் பூட்டினார். சண்டையால் ஊரில் கரண்ட் இல்லாமல் இரண்டு வருடம், வெல்டிங்குக்கு எங்கே போவது?

இன்று தேத்தண்ணி கொண்டுபோனபோது பார்த்தேன். போல்ட்டுகளைக் காணவில்லை. அரை அங்குலத் தகட்டில் புதுப் பிராக்கெட்டுகள், மீன் செதில்போலச் சீரான வெல்டிங்.

"ஆர் அண்ணை வெல்ட் பண்ணினது?"

"ஒரு கூட்டாளி."

"அவரிட்டை ஜெனரேற்றர் இருக்கோ?"

"பட்டதாரி அம்மா, உங்கடை பிசிக்ஸை விட்டிட்டுத் தேத்தண்ணியைத் தாங்கோ."

சிரித்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெனரேற்றரும் அதற்கு எண்ணெயும் இயக்கத்துப் போராளிகளிடம் மட்டும்தான் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சும்மா செய்து கொடுப்பதில்லை. கணக்குப் போட்டும் பார்த்தேன். இரண்டு பேரின் பாரத்துக்கு அவ்வளவு தடித்த தகடு தேவையில்லை. வேறு ஏதோ பாரமானது, வெடிமருந்தாகத்தான் இருக்கும், ஏற்றப்போகிறார்கள்.

நேரே கேட்காமல் இங்கேதான் எழுதுகிறேன். அண்ணை, கார் போனால் போகட்டும், அவங்களுக்குக் குடுத்துவிடுங்கோ. அதை ஓட்டுறதுக்கு மட்டும் நீங்கள் போகாதேங்கோ.