இருநூற்றுப் பத்து சிப்பி

முட்டம்,
12.08.2015

அன்புள்ள ரேஷ்மிக்கு,

சிந்தியா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மா உன்னை விசாரித்தாள். போனில் கூப்பிட்டால் நீ இடையில் பேசியே சமாளித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உங்கள் ஆய்வு மையத்தின் அறிக்கை வரைவு நேற்று வந்தது. அரசின் இணையச் சேவைகளைச் சீராக்க எதை எதை முதலில் ஆராய வேண்டும் என்ற பட்டியல். மொத்தம் ஒன்பது. முதலாவது கைபேசிச் செயலி. நான்காவது, இணையப் பக்கத்தின் நிறமும் எழுத்தின் அளவுமாம். இசபெல் அக்கா சொன்னது ஒன்பதிலும் இல்லை. ஆனால் அட்டைப் படத்தில் அக்கா இருக்கிறாள், தலையில் மீன் சருவத்தோடு.

மார்ச் மாதம் கோயில் பக்கத்து ஹாலில் இருபத்தொரு பெண்களை உட்கார வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்குப் பத்துச் சிப்பி கொடுத்தாய். தரையில் ஆறு அட்டை வைத்தாய். நெட் கிடைக்காதது, ஓ.டி.பி. வராதது, இப்படி. எது பெரிய கஷ்டமோ அதன்மேல் சிப்பியை வைக்கச் சொன்னாய்.

அப்போதுதான் இசபெல் அக்கா எழுந்தாள். அவள் கணவர் அல்போன்ஸ் அண்ணன் கடலுக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் இறப்புச் சான்றிதழ் எண் கேட்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பக்கம் நகராது. இ-சேவை மையத்துக்குப் பதினான்கு தடவை நடந்திருக்கிறாள். "அந்தக் கட்டத்துல கடல்னு எழுதினா கம்ப்யூட்டர் எடுக்காதா மக்கா?" என்று உன்னைத்தான் கேட்டாள். நீ அதை ஏழாவதாக ஒரு அட்டையில் எழுதி வைத்தாய்.

கிரேசி மாமி அப்போது, "எனக்க மாப்பிள வீட்டுல கொறட்ட விட்டுக்கிட்டுதான் கெடக்காரு. நாளைக்கு என்ன கதையோ! எல்லாரும் இசபெலுக்க அட்டையில போடுங்கட்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். போட்டார்கள். இருநூற்றுப் பத்து சிப்பியில் அட்டையே மூடிப்போனது. நீ அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இதுதான் முதலாவது வரும், சத்தியம் என்றாய்.

இப்போது அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "முட்டம் குழுவினர் தமக்குள் கலந்து பேசித் தேர்ந்ததால் அவர்களது மதிப்பீடு சேர்க்கப்படவில்லை." ஆதாரமாக, அன்றைக்கு நான் கைப்பட எழுதித் தந்த பக்கத்தையே போட்டிருக்கிறீர்கள். "எல்லோரும் பேசி ஒரே முடிவாக வைத்தார்கள்" என்று பெருமையோடு எழுதியிருந்தேன். நடந்ததை அப்படியே எழுதச் சொன்னவள் நீ. அதை எடுத்து எங்களையே வெட்டியிருக்கிறாய். மேலிடத்தில் சொன்னார்கள் என்று சொல்லாதே. குறிப்பின் கீழே உன் பெயர் இருக்கிறது.

பேசக்கூடாது என்று அன்றைக்கு நீ சொல்லவே இல்லை. சொல்ல மறந்தது நீ. பட்டியலிலிருந்து போனது அவர்கள். இங்கே நாலு பேர் பேசாமல் ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்காது. மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கியவளுக்கு இது தெரியாதா? நீங்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கலந்து பேசித்தானே இந்த ஒன்பதையும் போட்டீர்கள்? அதை எந்தக் குறிப்பில் வெட்டுவது?

உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கணக்கிட ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம் என்பாய். அதை மாற்றச் சொல்லி யாரும் உன்னிடம் கேட்கவில்லை. உடல் கிடைக்காதவர்களின் வீட்டாருக்கு அந்த விண்ணப்பப் பக்கத்தில் என்ன வழி வைக்கலாம் என்று ஆராயுங்கள் என்றோம். ஆராயக்கூட நாங்கள் லாயக்கில்லையா?

இருபத்தைந்தாம் தேதிதான் பட்டியல் அரசுக்குப் போகிறது. இன்னும் நாள் இருக்கிறது. அக்கா சொன்ன அந்த வரியை முதலாவதாக எழுது. முடியாது என்றால் அட்டைப் படத்திலிருந்து அக்காவை எடுத்துவிடு. அவள் முகம் மட்டும் உங்களுக்கு எதற்கு?

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. நீ கேட்டு வாங்கித் தின்ற நெத்திலிக் கருவாடு. அறிக்கை வந்துவிட்டது என்று கேட்டதும் இசபெல் அக்கா கொண்டுவந்து தந்தாள். முதலாவது வந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள். மண் இல்லாமல் மூன்று தடவை கழுவி, பாறையில் காயவைத்தாளாம். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்த வரியை எழுதிவிட்டுப் பொட்டலத்தைப் பிரி. இல்லையென்றால் கட்டு அவிழ்க்காமல் திருப்பி அனுப்பு. நானே அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன். மாதா உனக்கு நல்ல புத்தி தரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சிந்தியா