ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட்

பெப்ரவரி 22, சனி

போன வாரம் ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கல்ரோட்டில் ஏழு கிலோமீற்றர்தான் ஓட்டினேன். இரண்டு நாள் கதிரையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன். கணவர் அன்ட்ரூவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்: இன்னொரு தடவை முதுகு வலித்தால் சைக்கிளை விற்றுவிடுவது. ஏன் கொடுத்தேன்? மனைவி, அம்மா, டீச்சர் எதுவுமில்லாமல் நான் இருக்கும் ஒரே இடம் அந்தச் சீட்தானே.

பெப்ரவரி 26

நான்கு நாளாக ஃபிரேம் பற்றியே வாசிப்பு. என்னுடையது அலுமினியம், விறைப்பு. உருக்கு பாரம், ஆனால் கொஞ்சம் வளைந்து கொடுக்குமாம். கார்பன் விலை எட்டாது. உருக்குதான்! முடிவு.

மார்ச் 1

முடிவு இல்லை. பிலிமத்தலாவையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஃபாஸில் என் உருக்குக் கனவைக் கேட்டுச் சிரித்தார். ஃபிரேமை விட, சீட்டைத் தாங்கும் போஸ்ட்டை மாற்றினால்தான் சுகம் கூடுமாம். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒன்றைக் காட்டினார். கையால் அழுத்தினேன், இறங்கி எழும்பியது! வாங்கி, பூட்டித் தரச் சொல்லிச் சைக்கிளை விட்டு வந்தேன். பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

மார்ச் 8

புது போஸ்ட்டிலும் முன்பைப் போலவே. ஒவ்வொரு கல்லும் முதுகுக்குள். பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்ட்ரூ பார்த்துவிட்டார். "குடுத்த வாக்கு வாக்குதானே?"

இது வலியா, வெறும் பிடிப்பா — யாரிடம் வாதாடுகிறேன்?

மார்ச் 9

கடையில் இறங்கி எழும்பியதே. என் சைக்கிளில் ஏன் அசையவே இல்லை?

மார்ச் 10, திங்கள்

போஸ்ட்டைக் கழற்றிப் பையில் போட்டு, பள்ளி விட்டதும் ஃபாஸிலிடம் ஓடினேன். ஸ்பிரிங் அசையாதபடி அடியிலுள்ள திருகு முழுக்க இறுக்கியிருந்தது. இறுக்கியதே அவர்தான்.

"நீங்க ஏறினா சீட்டு ஆடும், ரோட்டுல ஆக்கள் சிரிப்பாங்க. டீச்சருக்கு மரியாதையில்லண்டு நெனச்சிட்டேன்."

என் மரியாதைக்காக என் முதுகெலும்பையா! கோபப்படப் போய்ச் சிரித்துவிட்டேன். திருகை எவ்வளவு தளர்த்துவதென்று பார்க்க என் எடையைக் கேட்டார். நாலு கிலோ குறைத்துச் சொல்ல வாய் வந்தது, உண்மையைச் சொன்னேன்.

அன்ட்ரூவிடம் ஒரேயொரு ஓட்டம் கேட்டேன். "ஒண்ணுதான்" என்றார்.

மார்ச் 13, போயா விடுமுறை

புசல்லாவை. தேயிலைக்குள் பதினான்கு கிலோமீற்றர்! கல் வருகிறது, சீட் மெல்ல இறங்கி ஏறுகிறது, நான் அப்படியே இருக்கிறேன். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். ஃபாஸில் பயந்தது சரிதான். மணியடித்துக்கொண்டே போனேன்.

மார்ச் 14

காலையில் அன்ட்ரூ, "முதுகு?" என்றார். நான் முற்றத்தில் நோவில்லாமல் குந்தி செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய்ப் பழைய துணியொன்றை எடுத்துவந்து பக்கத்தில் குந்தினார்.