செல்வினின் சான்றிதழ்

செவ்வாய், இரவு

காலையில் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "செல்வினை வேலையை விட்டு நிப்பாட்டியாச்சு. அவர்கிட்ட சாயங்காலம் நான் சொல்லிக்கிடுறேன். நீங்க மொதல்ல அவரு லேப்டாப்பை கட் பண்ணிருங்க. அதை எப்படித் திரும்ப வாங்குறதுன்னு பெறகு பாப்போம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

எங்கள் நூல் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. செல்வினைப் போல வெளியூர் போய்க் கடைகளில் ஆர்டர் எடுக்கிறவர்களின் லேப்டாப்பில் ஆளுக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. சர்வர் தன் சான்றிதழை லேப்டாப்புக்குக் காட்டும். லேப்டாப் தன்னுடையதைச் சர்வருக்குக் காட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் ஆர்டர் போட முடியும். செல்வினுக்கு அவன் பெயரை அடித்து ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். பதினோரு மணிக்கு அதை ரத்து செய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மதியம் வீரசோழன் ஊரிலிருந்து அவனே போன் செய்தான்.

"ஏலே, கடைக்காரரை உக்கார வச்சுட்டு நிக்கேன். லேப்டாப்பு உள்ளயே விட மாட்டேங்குது."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்று என் வாய் தானாகச் சொன்னது.

மூன்று முறை செய்துவிட்டு மறுபடி கூப்பிட்டான். "சர்வரு சரியாத்தான்லே இருக்கு. என் சர்ட்டிபிகேட்டைத்தான் ஏத்துக்கிட மாட்டேங்குது. நீதானே போட்டுக் குடுத்த, என்னன்னு பாரு."

பார்க்கிறேன் என்றேன். டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

முதலாளி ஐந்து மணிக்கே ஒரு கல்யாணத்துக்கு விருதுநகர் கிளம்பிவிட்டார். செல்வினிடம் பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது செல்வினிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது.

"காலையில மொத பஸ்ஸுல வாரேன்லே. லேப்டாப்பையும் கொண்டாரேன், நீயே பாத்துச் சரி பண்ணிக் குடு."