மேசைக் கண்ணாடியின் கீழ் ஓர் அறிவித்தல்

1981 பெப்ரவரி 9, திங்கள்

கட்டுநாயக்கா விமான நிலைய வேலையிலிருந்து மூன்று வார விடுமுறை. கல்முனை. கடல் மட்டும் சத்தம் கூடியிருக்கிறது.

பையில் இருபது அறிவித்தல்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குப் பயிலுநர் தேவை. உயர்தரப் பரீட்சையில் கணிதம் இருக்க வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு வாரம் போட்டோம். வந்தவர்களில் பாதிப் பேர் இரவு பகல் முறைவேலை என்றதும் எழுந்து போனார்கள். "உன் ஊர்ப் பக்கத்தில் நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறாயே," என்றார் மேலதிகாரி. மாத முடிவுக்குள் பத்து விண்ணப்பங்கள் தபாலில் சேர்ந்தால் பரீட்சையைக் கல்முனையிலும் வைப்பார். இல்லையென்றால் கொழும்பில் மட்டும்.

கொழும்பு என்றால் சுபைறா எழுத முடியாது.

தங்கச்சி. கணிதம். உயர்தரம் இரண்டு தடவை எழுதினாள். ஆறு புள்ளியால் பல்கலைக்கழகம் தவறிப்போனது. வாப்பா சாப்பாட்டுக்கிடையில் சொல்லிவிட்டார்: "வேல கிடைச்சா நீர்கொழும்புல சாச்சிர வீடு இரிக்கி, அனுப்புவன். வெறும் பரீட்சைக்குக் கொழும்புக்கு அனுப்பிட்டு, பெயிலானா ஊருக்கு என்னத்தச் சொல்லுற?"

பத்துப் பேர். எங்கே ஒட்டுவது?

பெப்ரவரி 11

பஸ் நிலையம், தியேட்டர் மதில், தேநீர்க்கடை. கண்ணில் படட்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விமானம் வரைந்தேன். நன்றாகவே வந்தது.

பெப்ரவரி 13, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் பதினேழு பேர். எல்லார் கையிலும் பாஸ்போட்.

முன்னால் தச்சுவேலை அபூசாலி காக்கா. "தம்பி, ஜித்தாவா, ரியாத்தா?"

இரண்டும் இல்லை, நிலத்திலிருந்து விமானத்தோடு கதைக்கிற வேலை என்றேன்.

"அப்ப நீங்க ஆள ஏத்துறல்லயா?"

"இல்ல காக்கா. விமானத்தப் பத்திரமா இறக்குற."

"இறக்குறதுக்கா மனே பேராதனை யுனிவசிட்டியில போய் இவ்வளவு படிச்ச?"

பதினேழு பேரும் சிரித்தார்கள். நானும். உம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தா.

விமானம் என்றால் இந்த ஊரில் இப்போது ஒரே அர்த்தம் — சவூதி. இதை மறந்து படம் வரைந்தேனே. எந்த ஊர்க்காரன் நான்?

பெப்ரவரி 14

அறிவித்தல்களைக் கிழித்தெடுத்தேன். தியேட்டர் மதிலில் விமானத்தின் வால் மட்டும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

பெப்ரவரி 16

பாடசாலைப் பலகையில் ஒன்று. பயனில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் எழுதாதவர்கள். எனக்கு வேண்டியவர்கள் எழுதி, கொஞ்சத்தில் தவறியவர்கள். அவர்கள் வாசிகசாலைக்கு வருவதில்லை. கேள்விகளுக்குப் பயந்து பஸாருக்கும் வருவதில்லை.

ஒளிந்திருப்பவர்களுக்கு எந்தச் சுவரில் ஒட்டுவது?

சுபைறாவிடமே கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ கடைசியா எப்ப வெளிய போன?"

"போன மாசம். மூணாந்தரம் எழுதுற போமுல படத்துக்குக் கையெழுத்து வாங்க."

"ஆரிட்ட?"

"கிராம சேவகரிட்டத்தான். அவரிட்டப் போகாம ஆரு எழுதுற?" நிமிர்ந்து பார்த்தாள். "காக்கா, நீங்க பெரிய படிப்பெல்லாம் படிச்சயள்தானே?"

பெப்ரவரி 17

கிராம சேவகர் அழகரெத்தினம் ஐயாவின் அலுவலகம். கதவருகே சுவரில் ஒட்டப் போனேன். தடுத்தார்.

"அதுல வேணாம் தம்பி. ரெண்டாந்தரம், மூண்டாந்தரம் எழுதுற புள்ளைகள் இஞ்ச வந்தா சுவரையும் பாக்கிறல்ல, என்ட முகத்தையும் பாக்கிறல்ல. தலையக் குனிஞ்சு இந்த மேசையத்தான் பாக்குங்க."

மேசைக் கண்ணாடியைத் தூக்கினார். அறிவித்தலைக் கீழே வைத்தோம். வருகிறவர்களுக்கு நேராக, அவருக்குத் தலைகீழாக.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் மற்றக் கிராம சேவகர்களுக்கும் கொடுக்கிறேன் என்றார். இந்த விண்ணப்பத்துக்கும் அவர்களுடைய கையெழுத்து வேண்டும். அதனால் எத்தனை விண்ணப்பம் போகிறது என்று அவருக்குத் தெரியும்.

பெப்ரவரி 21

நான்கு.

பெப்ரவரி 25

எட்டு. நற்பிட்டிமுனையில் ஒருவன் நாலு பாடத்திலும் தேறியவன், இப்போது அரிசி ஆலையில் மூட்டைக்கு இலக்கம் போடுகிறான். அவன் இருப்பதே எனக்குத் தெரியாது.

சுபைறாவின் விண்ணப்பம் நிரப்பியபடி அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. ஏன் அனுப்பவில்லை?

"பத்தாவது ஆள் நானா இருந்தா, தங்கச்சிக்காகப் பரீட்சையக் கொண்டுவந்த எண்டுதான் சொல்லுவாங்க. பத்து வரட்டும். நான் பதினொண்டு."

"வராட்டி?"

"வராட்டி இல்ல."

கோபம் வந்தது. ஆனால் — அவள் சொல்வதில் பிழை எங்கே?

பெப்ரவரி 27, வெள்ளி

ஒன்பது. நாளை பன்னிரண்டு மணிக்குத் தபாற் கந்தோர் பூட்டும்.

சாப்பாட்டுக்கிடையில் இரண்டு தரம் எழுந்து வாசலைப் பார்த்தேன். சுபைறா மட்டும் நன்றாகச் சாப்பிட்டாள்.

பெப்ரவரி 28, சனி

பத்து மணிக்கு அழகரெத்தினம் ஐயா சைக்கிளில் வந்தார். பின்னால் ஓர் இளைஞன், தலை குனிந்தபடி.

"என்ட மகன் குணம். மூண்டு தரம் எழுதினவன். ஊர்ப் புள்ளைகளுக்கெல்லாம் காட்டினன், வீட்டுல சொல்ல வெக்கமாக் கிடந்திச்சி, தம்பி."

தகப்பனே மகனுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்று பாண்டிருப்பில் இன்னொரு கிராம சேவகரிடம் வாங்கி வந்திருந்தார்.

நான் திரும்பிப் பார்க்கும்போது சுபைறா அலுமாரிக்கு மேல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றே காலுக்கு இரண்டையும் பதிவுத் தபாலில் போட்டேன்.

மார்ச் 4, கட்டுநாயக்கா

மேலதிகாரி கடிதங்களை இரண்டு தரம் எண்ணினார். எந்தப் பத்திரிகையில் போட்டாய் என்றார். சொன்னேன். பிறகு நாட்டில் எத்தனை கிராம சேவகர்கள் என்று கேட்டார்.

மே 16, சனி

இன்று கல்முனையில் பரீட்சை. பதினொரு பேரும் வந்தார்களாம். மூன்று மணித்தியாலம் வாப்பா பரீட்சை மண்டபக் கேற்றடியில் குடையோடு நின்றதாகத் தொலைபேசியில் உம்மா சொன்னா. மழை இல்லை, வெயிலும் இல்லையாம்.

1982 ஓகஸ்ட் 17

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் என் காலை முறைவேலை முடிந்தது. மேசையை ஒப்படைக்க வேண்டும். அடுத்து உட்கார வந்தவள் சுபைறா, பின்னால் அவளுடைய பயிற்சியாளர். மூன்று விமானங்களையும் அவற்றின் உயரங்களையும் வரிசையாகச் சொன்னேன். என் முன்னால் இருந்த குறிப்புத் துண்டுகளைப் பார்த்தபடியே திருப்பிச் சொன்னாள். இரண்டாவதில் நின்றாள்.

"ஏழாயிரம் அடி இல்ல. ஆறாயிரம்."

துண்டைப் பார்த்தேன். ஆறாயிரம்தான்.

திருத்திச் சொன்னேன். தலையாட்டினாள். கதிரையை அவளுக்கு விட்டுவிட்டு இறங்கிப் போய்த் தேத்தண்ணி குடித்தேன்.